அமெரிக்காவில் மின்கட்டமைப்பின் சைபர் பாதுகாப்பை மாநில அரசுகள் மேற்பார்வையிட முடியுமா?

முடியும், ஆனால் ஒரு பகுதியை மட்டும். பொதுவாக 100 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள பெரிய மின்கடத்தல் அமைப்புக்குக் கூட்டாட்சி அரசின் கட்டாய விதிகள் உண்டு. 2005-இன் எரிசக்திக் கொள்கைச் சட்டம் அதற்கு வழி செய்தது. வீடுவரை மின்சாரம் கொண்டுவரும் விநியோகப் பகுதி பெரும்பாலும் மின் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் மாநில ஆணையங்களின் பொறுப்பு.

இதைச் சின்ன விஷயமாக நினைத்துவிட வேண்டாம். 2015 டிசம்பரில் உக்ரைனில் ஹேக்கர்கள் குறிவைத்தது விநியோக நிறுவனங்களைத்தான். சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் தடைபட்டது.

சரி, ஆணையத்தின் கையில் என்ன இருக்கிறது? முக்கியமாக, கட்டணம். பாதுகாப்புக்குச் செலவழித்த பணத்தை நிறுவனம் நுகர்வோரிடம் வசூலிக்க வேண்டுமானால் ஆணையம் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது, ‘இந்தச் செலவு எந்த ஓட்டையை அடைக்கிறது?’ என்று கேட்கலாம். அதைக் கேட்கத் தெரிந்த நிபுணர்கள் ஆணையத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் என் பெரிய கவலை. பதிலை அப்படியே பொது ஆவணத்தில் வைத்தாலும் ஆபத்து. தாக்க வருபவருக்கு நாமே வழிகாட்டியது போலாகும்.

அப்புறம், நகராட்சிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் நடத்தும் மின் நிறுவனங்கள் பல மாநிலங்களில் ஆணையத்தின் கட்டண அதிகாரத்துக்குள் வருவதே இல்லை.