ஃபர்மார்க் ஒரு மணி நேரம் ஓடுகிறது, ரே டிரேசிங் கேம் மட்டும் விழுகிறது: 3070 அண்டர்வோல்ட்

ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் கார்டை அண்டர்வோல்ட் செய்து (வழக்கத்தைவிடக் குறைந்த வோல்ட்டேஜில் ஓடவைத்து), மெமரிக்கும் 800 கூட்டியிருக்கிறீர்கள். ஃபர்மார்க் என்ற சுமைச் சோதனை மென்பொருள் ஒரு மணி நேரம் ஓடியும், ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டுக் காட்சியை வரையும் முறை) கேம் மட்டும் விழுகிறது, அதாவது கிராஷ் ஆகிறது என்று கேட்டிருந்தீர்கள். 850 மில்லிவோல்ட்டில் 1950 மெகாஹெர்ட்ஸ் என்பது உங்கள் கார்டுக்கு அதிகம். வோல்ட்டேஜை 850-லேயே வைத்து கிளாக்கை (சிப் ஓடும் வேகத்தை) 1850-க்கு இறக்குங்கள். 1950 கட்டாயம் வேண்டுமென்றால் 25, 25 மில்லிவோல்ட்டாக வோல்ட்டேஜை ஏற்றிப் பாருங்கள்.

ஃபர்மார்க்கை நம்பியதுதான் சிக்கல். அது 220 வாட் எல்லையில் முட்டியதும் கார்டு தானாகவே கிளாக்கைக் குறைத்துவிடும். அதாவது நீங்கள் கர்வில் (எந்த வோல்ட்டேஜுக்கு எவ்வளவு கிளாக் என்ற கோட்டில்) வைத்த 1950 புள்ளியை அது சோதிக்கவே இல்லை. ஃபர்மார்க் ஓடும்போது ஆஃப்டர்பர்னரில் (கார்டின் அமைப்பை மாற்றவும் கண்காணிக்கவும் உதவும் மென்பொருள்) கோர் கிளாக்கைப் பாருங்கள், தெரிந்துவிடும். கேமில் சுமை கூடிக் குறைவதால் கார்டு அந்தப் புள்ளிக்குப் போகிறது. ரே டிரேசிங் ஓடும்போது ஃபர்மார்க் தொடாத ஆர்டி கோர்களும் (ரே டிரேசிங்குக்கென்றே உள்ள பகுதிகள்) சேர்ந்து வேலை செய்கின்றன.

சோதிக்க:

1. மெமரிக்குக் கொடுத்த கூடுதல் 800-ஐ முதலில் பூஜ்யமாக்குங்கள். மெமரி, கோர் இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எதனால் விழுந்தது என்றே தெரியாது.
2. எல்லாவற்றையும் ரீசெட் செய்து, கேம் விழும் அதே இடத்தில் ஆடுங்கள். அப்போதும் விழுந்தால் காரணம் அண்டர்வோல்ட் இல்லை. டிரைவர், பவர் சப்ளை பக்கம் தேடுங்கள்.
3. விழவில்லையா? சரி, 1850-ஐப் போட்டு அதே இடத்தில் நன்றாக நேரம் கொடுத்து ஆடுங்கள்.

ஒன்று கவனம்: கார்டு குளிர்ச்சியாக இருக்கும்போது கிளாக் 15 மெகாஹெர்ட்ஸ் படிகளில் கொஞ்சம் மேலே போகும். சூட்டில் உறுதியாக நின்ற அமைப்பு, கேம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே விழலாம். அதனால் 15 அல்லது 30 குறைத்தே வையுங்கள். விண்டோஸ் தொடங்கும்போதே அமைப்பை ஏற்றும் பொத்தானை இப்போதைக்கு அணைத்து வையுங்கள்.