பில்லைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்: நுகர்வோர் கேள்வி-பதில்

கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகிச் சென்னைக்கு வந்திருக்கிறேன். இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபிக்கு அங்கே கொடுத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இங்கே கொடுக்கிறேன். சுவையும் அங்கேதான் மேல். இது கொள்ளை இல்லையா?
– வாசகர், வேளச்சேரி

கொள்ளை இல்லை. விலைப்பட்டியலில் போட்டிருக்கும் விலையைத்தான் வாங்கினார்கள் என்றால், அது அதிகமாக இருக்கிறது என்பதற்காக யாரும் அவர்களைக் கேட்க முடியாது. அண்ணா நகரிலோ தியாகராய நகரிலோ பிரதான சாலையில் கடை போடுகிறவர் மாத வாடகையோடு பல மாத வாடகையை முன்பணமாகவும் கட்டுகிறார். வெளியூர்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்த சமையல்காரர்களுக்கும் பரிமாறுகிறவர்களுக்கும் தங்க இடம் தருகிறார். செயலி வழியாக வரும் ஒவ்வொரு ஆர்டரிலும் கமிஷன் கொடுக்கிறார். இவை எல்லாம் உங்கள் வடையின் விலையில்தான் வந்து சேர்கின்றன. கோவையில் பல பழைய கடைகளில் கட்டடமும் சொந்தம், கல்லாவில் உட்காருகிறவரும் முதலாளி.

இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. சிறிய ஊர்க் கடை, நேற்று வந்தவர் இன்றும் வருவதால் பிழைக்கிறது. சாம்பார் நீர்த்துப் போனால் மறுநாளே பேச்சு கிளம்பிவிடும். பெருநகரத்தின் பிரதான சாலைக் கடையோ முதல்முறை வருகிறவர்களை வைத்தே பல ஆண்டுகள் ஓடிவிட முடியும். சென்னையிலும் திருவல்லிக்கேணிப் பக்கம் போய்ப் பாருங்கள். மேன்ஷன்களில் தங்கியிருப்பவர்கள் தினமும் சாப்பிடும் மெஸ்களில் விலையும் அடக்கமாக இருக்கும், ரசமும் ரசமாக இருக்கும். பாரிமுனைப் பக்கத்து பர்மா நூடுல்ஸான அத்தோவுக்கும், சௌகார்பேட்டை சாட்டுக்கும், கார்த் தொழிற்சாலைகளை ஒட்டி வளர்ந்த கொரிய உணவகங்களுக்கும் சென்னையில் பணம் செலவழிப்பதில் பொருள் இருக்கிறது. இட்லிக்கு ஏங்கினால் கோவைக்குப் போகும்போது சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நுங்கம்பாக்கத்தில் ஓர் உணவகத்தில் பில் தொகையில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்திருந்தார்கள். கேட்டதற்கு, "சென்னையில் எல்லா இடத்திலும் இப்படித்தான்" என்றார் மேலாளர். எங்கள் ஊர்ப் பக்கம் இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை.
– வாசகி, திண்டுக்கல்

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. இருந்தாலும் அது சரியாகிவிடாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, சேவைக் கட்டணத்தை உணவகம் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வாங்கக் கூடாது. கொடுக்க மறுப்பவரை உள்ளே விடமாட்டோம் என்றும் சொல்லக் கூடாது. உணவக உரிமையாளர் சங்கங்கள் இதை எதிர்த்துத் தொடுத்த வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன. ஆகவே, பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த வரியை நீக்கித் தரச் சொல்லுங்கள். அந்தக் கட்டணத்தின் மேலும் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்களா என்று சேர்த்துப் பாருங்கள், பெரும்பாலும் போட்டிருப்பார்கள். மறுத்தால் பில்லைப் படம் எடுத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பரிமாறியவருக்கு ஏதாவது கொடுக்க விரும்பினால், சோம்புத் தட்டில் வையுங்கள்.

மதுரையில் ஒரு மெஸ்ஸில் துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையை எழுதி, அதன் கீழே "ஜிஎஸ்டி 5%" என்று சேர்த்து வாங்கினார்கள். சிறிய ஊர்களில் ஏமாற்ற மாட்டார்கள் என்று நினைத்தேன்.
– வாசகர், பெரம்பூர்

அப்படி ஏன் நினைத்தீர்கள்? கறி தோசை நன்றாக இருப்பதற்கும் கணக்கு நேராக இருப்பதற்கும் தொடர்பு இல்லை. ஜிஎஸ்டி வாங்குகிற கடையின் பில்லில் 15 இடங்கள் கொண்ட பதிவு எண் அச்சிடப்பட்டிருக்க வேண்டும்; தமிழ்நாட்டில் அது 33 என்று தொடங்கும். காம்பொசிஷன் என்ற, சிறு வணிகர்களுக்கான எளிய ஜிஎஸ்டி திட்டத்தில் இருக்கும் சிறிய உணவகங்கள் அந்த 5 சதவீதத்தைத் தங்கள் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் வாங்கவே கூடாது. எண் இல்லாத துண்டுச் சீட்டில் வரி வாங்கினால் அது அரசுக்குப் போகிறது என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. 2022 ஜனவரியிலிருந்து உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் சென்னைக் கடைகள் பரவாயில்லை, அச்சிட்ட பில்லாவது கிடைக்கிறது.

புறநகரில் தெருவுக்குத் தெரு "ஆம்பூர் பிரியாணி" என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஆம்பூரில் சாப்பிட்டதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. புகார் செய்யலாமா?
– வாசகர், குரோம்பேட்டை

இந்தக் கேள்விக்காகத்தான் நெடுநாளாகக் காத்திருந்தேன். சென்னையின் உணவு வியாபாரத்தில் பாதி, பிற ஊர்களின் பெயரை வாடகை இல்லாமல் எடுத்துக்கொண்டு நடக்கிறது. ஆம்பூர் பிரியாணி, மதுரை ஜிகர்தண்டா, விருதுநகர் எண்ணெய் பரோட்டா, திருநெல்வேலி அல்வா, கும்பகோணம் டிகிரி காபி எனப் பலகைகளை மட்டும் படித்துக்கொண்டு போனாலே தமிழ்நாட்டைச் சுற்றி வந்துவிடலாம். ஆம்பூரில் பிரியாணியோடு புளிப்பும் காரமுமாக எண்ணெய்க் கத்தரிக்காய் வரும். பொடிப்பொடியான சீரகச் சம்பா அரிசி மசாலாவை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். இங்கே நீளமான பாஸ்மதியில் நிறம் தூவி, கத்தரிக்காய்க்குப் பதிலாகத் தண்ணீரான சால்னாவை ஊற்றிவிட்டு, பலகையில் மட்டும் ஆம்பூர் என்று எழுதுகிறார்கள். நெடுஞ்சாலைகளில் கும்பகோணத்தின் பெயரைப் போட்டு விற்கும் காபியோ இன்னும் மோசம்: பித்தளை டபரா பளபளக்கிறது, உள்ளே இருப்பது காலையில் இறக்கிய டிகாஷன். அப்படி ஒரு கடையில் டபரா செட்டையும் விலைக்கு வாங்கி வந்தேன். மேலிருந்த முலாம் ஒரு மாதத்தில் உரிந்துவிட்டது.

சட்டம் இதில் ஓரளவுதான் உதவுகிறது. பழனி பஞ்சாமிர்தம் 2019இலும், கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020இலும், மணப்பாறை முறுக்கு 2023இலும் புவிசார் குறியீடு பெற்றன. அந்தப் பெயர்களை உரிமை இல்லாதவர்கள் பயன்படுத்தினால் வழக்குத் தொடுக்க அங்கிருக்கும் உற்பத்தியாளர்களுக்கு வழி இருக்கிறது. இலையில் பரிமாறும் பிரியாணியின் பெயருக்காக நீங்கள் தனியாளாகப் புகார் செய்து பெரிதாக எதுவும் நடக்கப் போவதில்லை. ஆனால் பட்டியலில் "சீரகச் சம்பா" என்று எழுதிவிட்டு பாஸ்மதி போட்டாலும், "ஆட்டுக்கறி" என்று எழுதிவிட்டு வேறு எதையாவது போட்டாலும் அது பெயர்ப் பிரச்சினை இல்லை, ஏமாற்று. பட்டியலையும் பில்லையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு புகார் செய்யுங்கள். உட்காரும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: என்ன அரிசி?

உணவகத்தில் தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலையைவிட அதிகம் வாங்கினார்கள்.
– வாசகர், சேலம்

உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் அப்படி விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. குடிதண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.

செயலியில் "50 சதவீதத் தள்ளுபடி" பார்த்து மூன்று பிரியாணி வாங்கினேன். பிறகு கடைக்கு நேரில் போனபோது, தள்ளுபடி இல்லாமலே அங்கே விலை குறைவு என்று தெரிந்தது. பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், பெருங்குடி

கிடைக்காது. தள்ளுபடிக்கு உச்சவரம்பு எவ்வளவு, பேக்கிங் கட்டணம் எவ்வளவு, விநியோகக் கட்டணம் எவ்வளவு, செயலிக் கட்டணம் எவ்வளவு என்று எல்லாம் பணம் கட்டும் பக்கத்தில் வரிசையாக இருந்தன. நீங்கள் பெரிய எழுத்தை மட்டும் படித்தீர்கள். கடை இருப்பது உங்கள் தெருமுனையில் என்றும் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். நடந்து போங்கள்.

என் தந்தையின் அறுபதாம் கல்யாணத்துக்குச் சென்னையில் ஓர் உணவகத்தின் விருந்து அறைக்கு 15,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்தக் கிளையை மூடிவிட்டார்கள். தலைமை அலுவலகத்தில், "முன்பணம் திருப்பித் தருவதில்லை" என்கிறார்கள். சென்னைக்கு அலைந்து வழக்கு நடத்த என்னால் முடியாது.
– வாசகி, திருச்சி

அம்மா, நீங்கள் அலைய வேண்டியதில்லை. முன்பணம் திரும்பாது என்ற நிபந்தனை, நீங்கள் வராமல் போனால்தான் பேச்சுக்கு வரும். கடையை மூடிக்கொண்டு போனவர்கள் அதைக் காட்டித் தப்பிக்க முடியாது. முதலில் பணம் கட்டிய ரசீது, வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றைச் சேர்த்து, 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். 1915க்கும் பேசுங்கள், பல நிறுவனங்கள் அங்கிருந்து தகவல் வந்த உடனேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் செய்துவிட வேண்டும். 15,000 ரூபாயோடு, கடைசி நேரத்தில் வேறு இடம் பிடிக்க ஆன கூடுதல் செலவையும் மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் சேர்த்தே கேளுங்கள்.

சென்னையில் உணவகங்களுக்கான சலுகை அட்டை ஒன்று ஆண்டுச் சந்தாவில் விற்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், அடையாறு

வேண்டாம். என்னிடம் அப்படி ஒன்று இருந்தது. திங்கள் முதல் வியாழன் வரை, பண்டிகை இல்லாத நாட்களில், நான் சாப்பிட விரும்பாத கடைகளில் மட்டும் செல்லுபடியானது.