‘இரண்டு பழைய ஆவணங்களைச் சேர்த்தால் உங்கள் பேனல் வந்துவிடும்’ என்கிறார் எக்ஸாமினர்: என்ன பதில் சொல்வது?

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து நிறமாற்ற டிஸ்ப்ளே பேனல் ஒன்றை உருவாக்கி, பேட்டன்டுக்கு விண்ணப்பித்தோம். நீல ஒளியைக் குவாண்டம் டாட் (ஒளியின் நிறத்தை மாற்றும் நுண் துகள்கள்) அடுக்கு சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றும் வகை. பிக்சல்களுக்கு நடுவே நிற்கும் தடுப்புச் சுவர்களின் பக்கங்களிலும், குவாண்டம் டாட் அடுக்கின் அடியிலும், ஒளிவிலகல் எண் (ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு) குறைந்த படலத்தை ஒரே தொடர்ச்சியாகப் போட்டிருக்கிறோம். அதுதான் எங்கள் புதுமை. பேட்டன்ட் அலுவலகத்தில் விண்ணப்பத்தைப் பரிசோதிக்கும் எக்ஸாமினர் இரண்டு பழைய ஆவணங்களைக் காட்டி, இவற்றைச் சேர்ப்பது துறை தெரிந்தவருக்கு எளிது என்று மறுத்துவிட்டார். முதல் கிளெய்மில், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று எழுதும் முதல் வாசகத்தில், படலத்தின் தடிமனை ‘1 முதல் 3 மைக்ரோமீட்டர்’ என்று சேர்த்தால் பேட்டன்ட் கிடைத்துவிடும் என்கிறார் ஏஜென்ட். இன்னொருவர், டிசைன் பதிவாகப் போட்டால் கியாரண்டி என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்காதீர்கள். நீங்கள் அனுப்பிய மறுப்பு அறிக்கையையும் அதில் காட்டியிருக்கும் இரண்டு ஆவணங்களையும் முழுதாகப் படித்தேன். உங்கள் விண்ணப்பம் சாகவில்லை. அவசரப்பட்டுத் தப்பான பதில் கொடுத்தால் நீங்களே அதைக் கொன்றுவிடுவீர்கள்.

முதலில் டிசைன் பேச்சை முடித்துவிடுகிறேன், அதைக் கேட்டாலே எனக்குப் பொறுக்காது. டிசைன் பதிவு ஒரு பொருள் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதை மட்டுமே காக்கும். உங்கள் படலம் கண்ணாடிக்குப் பின்னால், தலைமுடியைவிட மெல்லிய சுவர்களின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேனலை வாங்குகிற எவரும் அதைப் பார்க்கப்போவதில்லை. வெளித்தோற்றத்தைப் பதிந்துவிட்டு, உள்ளே இருக்கும் அடுக்கை யாரும் திருட முடியாது என்று நம்பினால் அது கதவில்லாத வீட்டுக்குப் பூட்டு வாங்குவதுதான். ‘கியாரண்டி’ என்று அவர் சொல்வது உண்மையாகக்கூட இருக்கலாம். பல நாடுகளில் டிசைன் விண்ணப்பத்தை ஆழமாகப் பரிசோதிப்பதில்லை, சான்றிதழ் கைக்கு வந்துவிடும். சுவரில் மாட்டலாம். போட்டிக் கம்பெனி உங்கள் அடுக்கை அப்படியே போட்டு விற்றால் அந்தச் சான்றிதழால் ஒரு நாள்கூட அவர்களைத் தடுக்க முடியாது. இந்த வலையில் விழுந்து, பிறகு என்னிடம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் நுட்பம் வெளியே தெரிந்து, புதுமை போய், செய்ய ஒன்றும் மிச்சமில்லாமல் இருந்தது.

இனி உங்கள் உண்மையான சிக்கலுக்கு வருவோம். எக்ஸாமினர் சொல்வது இவ்வளவுதான். முதல் ஆவணத்தில் நிறமாற்றப் பேனல் இருக்கிறது, அதில் ஒளிவிலகல் எண் குறைந்த படலமும் இருக்கிறது, ஆனால் கலர் ஃபில்டர் மேல் தட்டையாக மட்டும். இரண்டாவது ஆவணத்தில் சுவர்களின் பக்கங்களில் சிலிக்கான் ஆக்சைடு பூச்சு இருக்கிறது. முதலாவதில் உள்ள படலத்தை இரண்டாவதில் உள்ள இடத்துக்கு நகர்த்தினால் உங்கள் பேனல் கிடைத்துவிடுகிறது.

கேட்டால் சரிதானே என்று தோன்றும். ஆனால் தமிழில் ‘செய்ய முடியும்’ என்பதும் ‘செய்வார்’ என்பதும் ஒன்றல்ல. பேட்டன்ட் சட்டத்திலும் அப்படித்தான். துறை தெரிந்த ஒருவரால் இரண்டையும் சேர்க்க முடிந்திருக்குமா என்பது கேள்வியே இல்லை. உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்காத ஒருவர், அன்றைக்கு என்ன காரணத்துக்காக அவற்றைச் சேர்த்திருப்பார் என்பதுதான் கேள்வி. ஐரோப்பிய பேட்டன்ட் அலுவலகம் இந்த வேறுபாட்டைத் தன் பரிசோதனை முறையின் நடுவிலேயே வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 2007-இல் உச்ச நீதிமன்றம் கே.எஸ்.ஆர். வழக்கில் எக்ஸாமினர்களின் கையை நிறையவே தளர்த்திவிட்டது. இரண்டையும் சேர்க்கச் சொல்லும் வரி பழைய ஆவணத்திலேயே எழுதியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் போனது. ஆனாலும் சேர்ப்பதற்கான காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பதை அந்தத் தீர்ப்பும் விட்டுவிடவில்லை.

உங்கள் அறிக்கையில் அந்தக் காரணம் எங்கே? நான்காம் பக்கத்தில் ஒரே வரி: நிறக் கலப்பை (ஒரு பிக்சலின் ஒளி பக்கத்துப் பிக்சலில் கலப்பதை) தடுப்பதற்காகச் சேர்த்திருப்பார். இந்த வரியைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும். இரண்டாவது ஆவணத்தை எடுத்துப் பாருங்கள். அதில் சுவர் அலுமினியம். பூச்சு போட்டது, அடுத்த கட்டத்தில் வரும் அரிப்புத் திரவம் உலோகத்தைத் தின்றுவிடாமல் இருக்க. நிறக் கலப்பு என்ற பேச்சே அங்கு இல்லை, உலோகச் சுவர் ஒளியைத் தானே திருப்பி அனுப்பிவிடுகிறது. முதல் ஆவணத்தில் இருக்கும் சுவரோ கறுப்புப் பிசின். அதில் அரிக்க உலோகம் இல்லை. காப்பாற்ற ஒன்றும் இல்லாத இடத்துக்குக் காப்புப் பூச்சை யார் கொண்டுபோவார்? சுவரின் பக்கத்தில் படலம் வேண்டும் என்ற எண்ணம் உங்கள் விண்ணப்பத்தைப் படித்த பிறகுதான் எக்ஸாமினருக்கு வந்திருக்கிறது. விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டிருக்கிறார். உங்கள் பதிலின் முதுகெலும்பு இதுதான்.

இதைச் சொல்லும்போது உங்கள் பேனலில் என்ன நடக்கிறது என்பதையும் எக்ஸாமினருக்குப் புரியவையுங்கள். குவாண்டம் டாட் ஒளியை ஒரு திசையில் அனுப்புவதில்லை, நாலா பக்கமும் சிதறவிடும். பக்கவாட்டில் போகும் ஒளி கறுப்புச் சுவரில் பட்டால் அங்கேயே அழிந்துவிடும். உங்கள் குவாண்டம் டாட் பிசினின் ஒளிவிலகல் எண் 1.6 என்றும் படலத்துடையது 1.25 என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சுவருக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 51 டிகிரிக்கு மேல் சாய்ந்து வரும் ஒளி முழுவதும் திரும்பிவிடும். இரண்டாவது ஆவணத்தின் சிலிக்கான் ஆக்சைடுக்கு எண் 1.46. அங்கே சுமார் 66 டிகிரிக்கு மேல் வருவதுதான் திரும்பும். அந்தப் பூச்சை ஒளிக்காகப் போடவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். இந்தக் கணக்கைப் பதிலில் நான்கு வரியில் எழுதுங்கள், ஒரு படம் போடுங்கள். எக்ஸாமினர் ஒரு கோப்புக்கு ஒதுக்கப்பட்ட நேரத்துக்குள் ஓடிக்கொண்டிருப்பவர். பத்துப் பக்கம் எழுதினால் படிக்கமாட்டார்.

ஒரு எச்சரிக்கை. எக்ஸாமினர் காட்டிய பத்தியை மட்டும் படித்துவிட்டுப் பதில் எழுதாதீர்கள். இரண்டாவது ஆவணத்துக்கு எனக்கு ஆங்கிலப் பிரதிதான் கிடைத்தது, அது மெஷின் மொழிபெயர்ப்பு. மூல மொழியில் எங்காவது ஒரு மூலையில் ‘இப்பூச்சு பக்கவாட்டு ஒளியையும் குறைக்கும்’ என்று ஒரு வரி இருந்தால் நான் மேலே சொன்ன வாதம் சரிந்துவிடும். மூலத்தை அந்த மொழி தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் செலவு வீண்போகாது.

அதே ஆவணத்தின் மூன்றாம் படத்தைக் காட்டி, பூச்சு தரைவரை தொடர்ச்சியாக இறங்குவதாகவும் அதன் தடிமன் சுவரின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு என்றும் எக்ஸாமினர் அளந்து சொல்லியிருக்கிறார். தொடர்ச்சியாக இறங்குவது படத்தில் தெரிகிறது, அதை மறுக்காதீர்கள். ஆனால் ஸ்கேல் வைத்துத் தடிமனை அளப்பது செல்லாது. பேனலின் குறுக்குவெட்டுப் படங்களில் அடுக்குகளை வேண்டுமென்றே தடிமனாக வரைவார்கள், இல்லாவிட்டால் கண்ணுக்கே தெரியாது. அளவு விகிதப்படி வரைந்தது என்று எழுதியிராத படத்திலிருந்து அளவு எடுக்கக் கூடாது. பரிசோதனைக் கையேடுகளிலேயே உள்ள விஷயம் இது. இருந்தும் இந்தத் தவறு அறிக்கைக்கு அறிக்கை திரும்ப வருகிறது. நாம் கெடு தாண்டி ஒரு நாள் தாமதித்தால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாக அலுவலகத்தில் எழுதிவிடுகிறார்கள். அவர்கள் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, தங்கள் கையேட்டுக்கே ஒவ்வாத அறிக்கையை அனுப்பினால் கேட்க ஆளில்லை. அதற்குப் பதில் எழுதும் செலவும் நம் தலையில்.

இப்போது ஏஜென்ட் சொன்ன ‘1 முதல் 3 மைக்ரோமீட்டர்’. இப்படி எண்ணைச் சேர்த்தால் எக்ஸாமினர் ஒப்புக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஏஜென்டுக்கு வேலை முடியும், எக்ஸாமினருக்குக் கோப்பு முடியும். உங்களுக்கு என்ன மிஞ்சும்? போட்டியாளர் 0.9 மைக்ரோமீட்டரில் போடுவார், அல்லது 3.3-இல் போடுவார். ஒளிக்கு அது ஒரு வித்தியாசமும் இல்லை. உங்கள் பேட்டன்டோ அவரைத் தொடாது. எழுதிய கிளெய்மைப் பிறகு அகலப்படுத்துவது மிகக் கடினம். பேட்டன்ட் கிடைத்ததா என்று மட்டும் கேட்காதீர்கள், எதற்குக் கிடைத்தது என்று கேளுங்கள்.

எண் சேர்ப்பதே தப்பா என்றால், இல்லை. ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதை நின்று நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். அந்த எண்ணில் ஒரு விளைவு பிறக்கிறது என்றால், அது பழைய ஆவணங்களிலிருந்து எதிர்பார்க்க முடியாத விளைவு என்றால், எண் உங்களுக்கு ஆயுதம். உங்கள் படலத்தையே எடுத்துக்கொள்வோம். ஒளி முழுவதும் திரும்பும்போதும் படலத்துக்குள் சிறிது தூரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறது. படலம் அந்த எட்டலைவிட மெலிதாக இருந்தால் ஒளி மறுபக்கம் கசிந்து கறுப்புச் சுவரில் போய்ச் சேரும். சிவப்பு ஒளியின் அலைநீளம் சுமார் 630 நானோமீட்டர் என்பதால் சில நூறு நானோமீட்டருக்குக் கீழே போனால் படலம் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஆகவே கீழ் எல்லைக்கு ஒரு காரணம் இருக்கிறது. மேல் எல்லைக்கு, அந்த 3-க்கு, ஒரு காரணமும் இல்லை. படலம் தடித்தால் பிக்சலின் திறப்பு கொஞ்சம் குறுகும், அவ்வளவே. எண் போடத்தான் வேண்டும் என்றால் கீழ் எல்லையைப் போடுங்கள்.

அதற்கும் இரண்டு தடைகள். ஒன்று, நீங்கள் முதலில் தாக்கல் செய்த விவரணத்தில் (கண்டுபிடிப்பை விளக்கும் பகுதியில்) அந்த எல்லை இருக்க வேண்டும். உங்களுடையதில் ‘0.5 முதல் 5 மைக்ரோமீட்டர், சிறப்பாக 1 முதல் 3’ என்று இருக்கிறது. 0.5-ஐப் பிடிக்கலாம், ஆனால் மேல் எல்லையை எடுத்துவிட்டு ‘0.5-க்கு மேல் எதுவானாலும்’ என்று விரித்தால் முதலில் இல்லாததைப் புகுத்துகிறீர்கள் என்று மறுப்பார்கள். ஐரோப்பாவில் இதில் கொஞ்சமும் இளக்கம் கிடையாது. 0.5 முதல் 5 என்றே நிற்கட்டும், 1 முதல் 3-ஐவிட அது எவ்வளவோ அகலம். இரண்டு, விளைவைக் காட்ட அளவீடு வேண்டும். ஒரே ஒரு மாதிரியின் முடிவை வைத்து முழு எல்லைக்கும் உரிமை கேட்காதீர்கள். 0.2, 0.5, 1, 3, 5 என்று போட்டு, எல்லைக்கு வெளியே விளைவு விழுவதையும் உள்ளே நிற்பதையும் காட்டுங்கள். தாக்கலுக்குப் பிறகு எடுத்த அளவீட்டை ஏற்பார்களா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் உறுதிமொழிப் பத்திரமாகத் தரலாம். ஐரோப்பாவில் 2023 மார்ச்சில் பேட்டன்ட் அலுவலகத்தின் உயர் மேல்முறையீட்டுக் குழு தந்த ஜி 2/21 தீர்ப்பின்படி, அந்த விளைவு முதல் விவரணத்திலேயே துறை தெரிந்தவருக்குப் புலப்பட்டிருக்க வேண்டும். உங்கள் விவரணத்தில் ‘சுவரில் ஒளி அழிவது குறைகிறது’ என்ற வரி இருக்கிறது. அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றுகிறது. அது இல்லாமல் வெறும் தடிமனை மட்டும் எழுதியிருந்தால், இன்று ஆயிரம் அளவீடு எடுத்தாலும் அங்கே உதவாது.

வரிசை இப்படி இருக்கட்டும். முதல் கிளெய்மை அப்படியே வைத்து, காரணம் இல்லாத சேர்க்கை என்று வாதாடுங்கள். தடிமனையும் ஒளிவிலகல் எண்ணையும் சார்பு கிளெய்ம்களில், அதாவது முதல் கிளெய்மின் மேல் கூடுதல் நிபந்தனை சேர்க்கும் கிளெய்ம்களில், வையுங்கள். எக்ஸாமினருடன் போனிலோ நேரிலோ பேச வாய்ப்புக் கேளுங்கள், பத்து நிமிடப் பேச்சு இரண்டு சுற்றுக் கடிதத்தை மிச்சப்படுத்தும். முடியாமல் குறுகிய கிளெய்மை ஏற்க நேர்ந்தால், அதற்கு முன்பே அகலமான கிளெய்முக்குத் தொடர் விண்ணப்பம் (அதே விவரணத்தை வைத்துப் போடும் இன்னொரு விண்ணப்பம்) போட முடியுமா என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள். அறிக்கைக்குப் பதில் கொடுக்கும் கெடு நாடுதோறும் மாறும். இந்தியாவில் முதல் பரிசோதனை அறிக்கைக்கு 6 மாதம், அமெரிக்காவில் பொதுவாக 3 மாதம், கட்டணம் கட்டி 6 மாதம்வரை நீட்டலாம். அமெரிக்க அறிக்கையில் ‘இறுதி மறுப்பு’ என்று எழுதியிருந்தாலும் பயப்பட வேண்டாம், அதற்கு மேலும் வழிகள் உண்டு.

கடைசியாக, கியாரண்டி சொன்ன நபர் உங்களை எப்படிக் கண்டுபிடித்தார் என்று யோசித்தீர்களா? தாக்கல் செய்து 18 மாதத்தில் விண்ணப்பம் வெளியாகிவிடும், உங்கள் பெயரும் முகவரியும் சேர்த்து. அதன்பிறகு கடிதங்கள் வரத் தொடங்கும். அரசு முத்திரை போல ஒன்றை அச்சிட்டு, பதிவுக் கட்டணம் கட்டச் சொல்லும் பில்களும் வரும். சர்வதேச விண்ணப்பம் போட்டவர்களுக்கு இப்படி வரும் போலிப் பில்கள் பற்றி உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவே எச்சரித்திருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் உங்கள் ஏஜென்டிடம் காட்டுங்கள். அந்த ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அலுவலகப் பட்டியலில் பாருங்கள். விண்ணப்பதாரர் இடத்தில் உங்கள் மூவர் பெயர் மட்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள், நான்காவதாக ஒரு பெயர் நுழைந்திருந்த கோப்பு ஒன்றை என் கையால் புரட்டியிருக்கிறேன். அலுவலகத்திலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியும் உங்கள் மின்னஞ்சலுக்கு நேரே வரும்படி இன்றைக்கே எழுதிக் கேளுங்கள். இந்த மறுப்பு அறிக்கை வந்து ஐந்து வாரம் கழித்துத்தான் உங்களுக்குத் தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஐந்து வாரமும் கெடுவில் கழிந்த நாட்கள்தான்.