பழைய பங்களாவில் டீலர் கூட்டம்

கேள்வி: எங்கள் மாங்கூழ் ஆலை டீலர்கள் 40 பேருக்கு ஒரு நாள் கூட்டம். தளி பக்கம் புதுப்பித்த பழைய பங்களா விடுதி ஒன்றைச் சொல்கிறார்கள். எதைப் பார்த்து முடிவு செய்வது?
– வாசகர், பர்கூர்

பதில்: முதலில் ஹாலை அளந்து பாருங்கள். வரிசையாக நாற்காலி மட்டும் என்றால் ஆளுக்கு 10 சதுர அடி போதும்; மேசையோடு 18, ‘ப’ வடிவில் உட்கார 30 தேவை. ‘நூறு பேர் தாராளமாக உட்காரலாம்’ என்பார்கள். அது நாற்காலிக் கணக்கு. நடுவில் தூண் இருந்தால் திரை மறையும்.

மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்ட பழைய பாணி) கூரை உயரம், தரையும் கல். கை தட்டினால் ஓசை இழுக்கிறதா? அப்படியானால் மைக் பேச்சு குழம்பும். கனத்த திரைச்சீலை, ஜமுக்காளம் கேளுங்கள். சுவர் தடிமனால் வைஃபையும் உள்ளே வராது, ஹாலுக்குள்ளேயே கேபிள் இணைப்பு வேண்டும்.

ஜெனரேட்டரில்தான் பலர் கோட்டை விடுவது. ஒன்றரை டன் ஏசி நான்கு ஓடினாலே சுமார் 7 கிலோவாட். சமையலறையும் கீசர்களும் சேர்ந்தால் 15 கேவிஏ (சுமார் 12 கிலோவாட்) ஜெனரேட்டர் திணறும். மெயினை அணைத்து, எல்லாவற்றையும் ஓடவிட்டு அரை மணி நேரம் பாருங்கள். டீசல் யார் செலவு என்பதையும் எழுதி வாங்குங்கள்.

சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமென்ட் பூசி எமல்ஷன் அடித்திருந்தால் ஈரம் வெளியேற வழியில்லை. அடிப்பக்கம் கொப்புளிக்கும், அறை நாறும். மழைக்குப் பிறகு போய்ப் பார்ப்பது நல்லது.

கழிப்பறை குறைந்தது நான்கு வேண்டும். இல்லையென்றால் 15 நிமிட டீ இடைவேளை முக்கால் மணி ஆகிவிடும்.