மாமி சொல்லும் ‘உவன்’ பற்றி

வணக்கம் சகோதரி. சாவகச்சேரியில் இருந்து மாமி தொலைபேசியில் “உவன் இன்னும் வரேல்லையோ?” என்று உங்கள் கணவரைப் பற்றிக் கேட்டதை ஏதோ ஏச்சு என்று நினைத்து மதுரையில் இருந்து எழுதியிருக்கிறீர்கள். மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது ஏச்சே இல்லை.

இவன், அவன் உங்களுக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் உள்ளவன் உவன். பேசுகிறவருக்குப் பக்கத்தில் இல்லாமல், கேட்கிறவர் பக்கத்தில் இருப்பவனை யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வோம். மகன் மாமியின் கண்ணுக்கு எட்டாத இடத்தில், உங்களோடு வாழ்கிறார். அதனால்தான் ‘உவன்’. பெற்ற தாய் என்பதால் ‘ன்’. மரியாதைக்கு உரியவர் என்றால் உவர், பலர் என்றால் உவை. உது, உங்கை, உப்பிடி எல்லாம் இதே குடும்பம்தான். (உவர் நிலம், உவர் நீர் என்பதில் வரும் உவர் வேறு.) சிலர் எரிச்சலில் ‘உவர்’ என்று இழுத்துச் சொல்வதும் உண்டு, ஆனால் அது குரலில் இருக்கிறது, சொல்லில் இல்லை.

இது எங்கள் ஊரில் முளைத்த கொச்சை என்றும் எண்ண வேண்டாம். ‘அ இ உ அம்மூன்றும் சுட்டு’ என்கிறது தொல்காப்பியம். 1185ஆம் குறளில், பிரிந்து போகும் காதலனைத் தலைவி ‘உவக்காண்’ என்றுதான் காட்டுகிறாள். தமிழகப் பேச்சில் மறைந்துபோன அந்த உகரம் எங்கள் வீடுகளில் இன்றும் புழங்குகிறது. எனக்கு அதில் பெரிய சந்தோசம்.

சரி, அடுத்த முறை மாமி கேட்டால், கணவர் உங்கள் பக்கம் என்பதால் “இவர் இன்னும் வரேல்லை, மாமி” என்று சொல்லுங்கள்.