தொந்தி இருக்கிறது, ரோட் பைக் வாங்கலாமா?

எனக்கு வயது 49. உயரம் 172 செ.மீ., எடை 84 கிலோ. இரண்டு வருடமாக ஹைப்ரிட் சைக்கிளில் ஞாயிறுதோறும் ஈ.சி.ஆரில் 40 கி.மீ. போய் வருகிறேன். ரோட் பைக்குக்கு மாற ஆசை. கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று நன்றாகக் குனிந்து ஓட்டும் ‘ரேஸ்’, மற்றது சற்று நிமிர்ந்து நெடுந்தூரம் ஓட்டும் ‘எண்டியூரன்ஸ்’. ரேஸ் வண்டி ஒன்றரைக் கிலோ குறைவு. கொஞ்ச நேரம் குனிந்தாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும் எனக்கு எது பொருந்தும்?
- வாசகர், திருவான்மியூர்

எண்டியூரன்ஸ். ஒன்றரைக் கிலோவை மறந்துவிடுங்கள். நீங்கள், வண்டி, இரண்டு தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்தால் 95 கிலோவுக்கு மேல் வரும். அதுவும் மேடே இல்லாத ஈ.சி.ஆரில் உங்களைப் பின்னுக்கு இழுப்பது கடல்காற்றுதான், எடை இல்லை.

காற்றைக் கிழிக்கக் குனிவதுதானே நல்லது என்று நண்பர்கள் சொல்வார்கள். குனிந்த நிலையில் ஒரு மணி நேரம் நிலைக்க முடிந்தால் நல்லதுதான். முடியாதவர் பத்தாவது நிமிடமே முழங்கையை விறைத்துக்கொண்டு நிமிர்ந்துவிடுவார். குனிந்த வண்டியும் வீண், தோளும் வலி. தொந்திக்கும் இதில் பங்கு உண்டு. பெடல் மேலே வரும்போது தொடை வயிற்றில் முட்டினால் முழங்கால் தானாக வெளிப்பக்கம் விரியும். பிறகு மூட்டு வலிக்கிறதே என்று புலம்பவேண்டியிருக்கும்.

கடைக்காரர் சொல்லும் பெயரை நம்பாமல் இரண்டு எண்களைக் கேளுங்கள்: ஸ்டாக், ரீச். பெடல் கைகள் சுற்றும் அச்சின் மையத்திலிருந்து ஹேண்டில் கழுத்துக் குழாயின் மேல்விளிம்பு வரை செங்குத்தாக அளந்தால் ஸ்டாக்; அதே இரண்டு இடங்களுக்கு நடுவே படுக்கைவசமாக அளந்தால் ரீச். உங்கள் உயரத்துக்கு அநேகமாக 54 சைஸ் வரும். அந்த சைஸில் ரேஸ் ஃபிரேமின் ஸ்டாக் 545 மி.மீ. அளவிலும் ரீச் 385 அளவிலும் இருக்கும். எண்டியூரன்ஸில் 575, 375 என்று பார்க்கலாம். அதாவது ஹேண்டில் மூன்று செ.மீ. உயர்ந்து, ஒரு செ.மீ. உங்கள் பக்கம் வந்திருக்கிறது. ஸ்டாக்கை ரீச்சால் வகுத்துப் பாருங்கள். விடை 1.5-ஐத் தாண்டினால் உங்கள் இடுப்புக்கு ஏற்ற வண்டி. 1.4-ஐ ஒட்டி வந்தால் பந்தயக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள்.

“ரேஸ் வண்டியையே எடுங்க, ஸ்டெம்முக்குக் கீழே ஸ்பேசர் போட்டு ஏத்திக்கலாம்” என்பார்கள். ஸ்டெம் என்பது ஹேண்டிலைப் பிடித்திருக்கும் குட்டைத் தண்டு; ஸ்பேசர் அதை உயர்த்தப் போடும் வளையம். ஸ்டெம் மாட்டியிருக்கும் கார்பன் ஃபோர்க் (முன்சக்கரக் கவை) தண்டுக்கு இத்தனை மி.மீ.க்கு மேல் ஸ்பேசர் கூடாது என்று கம்பெனியே வரம்பு வைத்திருக்கும். பல வண்டிகளில் அது 30-40 மி.மீ.தான். எண்டியூரன்ஸ் வாங்கினாலும் ஒரு எச்சரிக்கை: ஃபோர்க் தண்டை முதல் இரண்டு மாதம் வெட்டவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மிச்சம் ஸ்டெம்முக்கு மேலே கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், பார்க்க அசிங்கம்தான். வெட்டியதை ஒட்ட முடியாதே.

கடை வாசலில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னர் ஸ்டாண்டில் மாட்டச் சொல்லிப் பதினைந்து நிமிடம் மிதியுங்கள். கை பிரேக் லீவரின் மேல்முனையில் இருக்கட்டும். நடுவில் இரண்டு கையையும் ஒரு விரற்கடை மேலே தூக்குங்கள். உடம்பு முன்னால் சரிந்தால் ஹேண்டில் உங்களுக்குத் தூரம், அல்லது சீட் முன்பக்கம் சாய்ந்திருக்கிறது. தலையைத் திருப்பிப் பின்னால் பாருங்கள். கழுத்து இழுத்தால் அதுவும் ஹேண்டில் தாழ்வாக இருப்பதன் அறிகுறி. கடைசியாக, 32 மி.மீ. டயர் இந்த ஃபிரேமில் ஏறுமா என்று கேளுங்கள். ஏறாது என்றால் நம் ஊர்ச் சாலைக்கு அந்த வண்டி வேண்டாம்.

ரோட் பைக் டயரில் எப்போதும் 100 பி.எஸ்.ஐ. காற்று இருக்கவேண்டும் என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். கல் மேல் போவதுபோல் உதறுகிறது. என் டயர் 28, எடை 75 கிலோ.
- வாசகர், திருச்சி

அது 23 மி.மீ. டயர் காலத்துக் கணக்கு. உங்கள் டயருக்கு முன்னால் 65, பின்னால் 70 வைத்து ஓட்டிப் பாருங்கள். 32 டயராக இருந்தால் 50, 55 போதும். மிகக் கல்லாக அடித்த டயர் ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் வண்டியையே தூக்கிப் போடுவதால் வேகமும் குறைகிறது. அதற்காக ரொம்ப இறக்கிவிடவும் கூடாது. பள்ளத்தின் விளிம்பில் இடிக்கும்போது ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கிப் பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு ஓட்டை விழும். அப்படிப் பஞ்சரானால் ஐந்து பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள்.

மெல்லிய ட்யூபில் காற்று சீக்கிரம் இறங்கும். அளவுமானி உள்ள ஃப்ளோர் பம்ப் வீட்டில் இருக்கட்டும். ரோட் பைக்கின் ஒல்லி வால்வு பெட்ரோல் பங்க் குழாயில் நேராகப் பொருந்தாது. அதற்கான பித்தளை அடாப்டர் ஒன்றைச் சீட் பையில் போட்டுவைத்தால் அவசரத்துக்கு உதவும்.

ஏலகிரி, கொல்லிமலை ஏற ஆசை. வயது 53. பல்சக்கரம் முன்னால் 52/36 பல், பின்னால் 11-28 பல் உள்ள வண்டி சலுகை விலையில் கிடைக்கிறது. எடுக்கலாமா?
- வாசகர், சேலம்

வேண்டாம். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால், 36-க்கு 28 என்ற உங்கள் மிகச்சிறிய கியரில் மணிக்குச் சுமார் 9.7 கி.மீ. போவீர்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த வேகம் எல்லோருக்கும் கைகூடாது. வேகம் குறையும்போது சுற்று 40-க்கு இறங்கும், பாரம் முழுக்க முழங்காலில் விழும். முன்னால் 50/34, பின்னால் 11-34 என்றால் அதே 60 சுற்றில் 7.6 கி.மீ. வேகத்தில் மூச்சு வாங்காமல் ஏறலாம். 46/30 கிடைத்தால் இன்னும் நல்லது. சமதளத்தில் பெரிய கியர் பற்றாமல் போய்விடுமோ என்ற கவலை தேவையில்லை. 46-க்கு 11 கியரில் 90 சுற்று மிதித்தால் மணிக்கு 47 கி.மீ. வரும்.

வாங்கிவிட்டுக் கேசட்டை (பின் பல்சக்கர அடுக்கு) மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணினால், செயினைக் கியர் மாற்றும் பின் டீரெய்லரின் கேஜ் (அதில் தொங்கும் கை) நீளத்தைப் பாருங்கள். குட்டைக் கேஜ் பெரும்பாலும் 28 அல்லது 30 பல்லோடு நின்றுவிடும். 34-க்கு டீரெய்லர், செயின் இரண்டையும் மாற்றவேண்டியிருக்கும். சலுகை அங்கேயே கரைந்துவிடும்.

முப்பது கி.மீ. தாண்டினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. ஜெல் கையுறை மாற்றியும் தீரவில்லை.
- வாசகர், மதுரை

கையை விட்டுவிட்டுச் சீட்டைப் பாருங்கள். மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கும். அதைத் தடுத்துக்கொண்டே இருப்பது உள்ளங்கையின் அடிப்பகுதி. அந்த இரண்டு விரல்களுக்கான நரம்பு அங்கேதான் ஓடுகிறது. சீட்டின் மேல் ரசமட்டம் வைத்துச் சமமாக்குங்கள். தீராவிட்டால் ஸ்டெம்மை ஒரு செ.மீ. குட்டையாக மாற்றுங்கள், அல்லது தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். பெரும்பாலான ஸ்டெம்களில் ஹேண்டில் இதனால் ஒன்றிரண்டு செ.மீ. உயரும். வண்டியை நிறுத்திய பிறகும் மரப்பு மாலைவரை நீடித்தால், அதுவும் சர்க்கரை உள்ளவர் என்றால், மெக்கானிக்கை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வயது 46. கணவரின் வண்டியில் அவர் சீட்டிலேயே ஓட்டுகிறேன். உட்காரும் இடம் வலிக்கிறது. முழங்காலின் முன்பக்கமும் வலி. மெத்தென்ற சீட் கவர் போடலாமா?
- வாசகி, ஈரோடு

கவர் வேண்டாம். மெத்து அமுங்கியதும் உட்காரும் எலும்புகள் புதைந்து, நடுவில் உள்ள மென்மையான சதை அழுந்தும். உங்களுக்கு வேண்டியது சரியான அகலம். அட்டைப்பெட்டியைக் கிழித்து, வரிவரியாக மடிப்புள்ள துண்டு ஒன்றைப் படிக்கட்டில் போட்டு, மெல்லிய துணியோடு உட்கார்ந்து, முன்னால் சற்றே குனியுங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு குழி பதிந்திருக்கும். அவற்றின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தோடு 20 முதல் 30 மி.மீ. கூட்டுங்கள். 125 வந்தால் 145-155 மி.மீ. சீட். ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த அளவு பொதுவாகக் கூடுதல். கணவர் சீட் குத்துவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

முழங்கால் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராகும் உயரத்துக்கு ஏற்றுங்கள். மிதிக்கும்போது முன்பாதத்தை வைத்தால் முழங்கால் தானாகச் சற்று மடங்கும். ஒரு நாளைக்கு ஐந்து மி.மீ.க்கு மேல் ஏற்றாதீர்கள். பழைய உயரத்தில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். முழங்காலின் பின்பக்கம் வலி வந்தால் அதிகம் ஏற்றிவிட்டீர்கள் என்று பொருள்.

எனக்குச் சாளேசரம். ஹேண்டிலில் உள்ள மீட்டர் தெரிவதில்லை. கண்ணாடியோ நழுவுகிறது.
- வாசகர், புதுச்சேரி

மீட்டரில் ஒரு பக்கத்துக்கு வேகம், தூரம், நேரம் என மூன்று கட்டம் மட்டும் வைத்தால் எழுத்து பெரிதாகும். குனிந்து ஓட்டும்போது நாம் சாலையைக் கண்ணாடியின் மேல் ஓரம் வழியாகத்தான் பார்க்கிறோம். அதனால் மேல்விளிம்பில் தடித்த ஃபிரேம் இல்லாத, கீழ்ப்பகுதியில் மட்டும் படிக்கும் பவர் உள்ள கண்ணாடியாகச் செய்துகொள்ளுங்கள். பின்னால் ஒரு பட்டை கட்டினால் வியர்வையில் நழுவாது.