அப்பாவின் ஆம்பிளிஃபயரைத் தூக்கிப் போடாதீர்கள்

கேள்வி: ஐயா, அப்பாவுக்கு 78 வயது. முப்பது வருஷத்துக்கு முன்னால் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் வாங்கிய ஆம்பிளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும் இன்றைக்கும் நன்றாகப் பாடுகின்றன. தீபாவளிக்குப் புது டிவி வாங்கினோம். அதன் பின்னால் பழைய ஆடியோ ஒயர் மாட்டும் சிவப்பு, வெள்ளை ஓட்டைகளே இல்லை. கடையில் கேட்டு ஒரு ஆப்டிகல் கேபிளும் 25 வெள்ளிக்குச் சின்ன கன்வர்ட்டர் பெட்டியும் வாங்கி மாட்டினேன். சத்தமே வரவில்லை. பழசை, பழைய சாமான் வாங்கும் காராங் கூனிக்காரரிடம் கொடுத்துவிடு என்கிறான் தம்பி. அப்பா முகம் வாடிவிட்டது. வேறு வழி உண்டா?
- வாசகி, ஈசூன்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எதுவும் கெட்டுப்போன மாதிரித் தெரியவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வீடு வீடாகப் போய் டிவி ரிப்பேர் செய்தவன் நான். இதே புகாருக்குப் போன பல வீடுகளில் ஸ்குரூடிரைவரை வெளியே எடுக்கவே வேலை இருந்ததில்லை.

முதலில் கேபிளின் நுனியைப் பாருங்கள். புது ஆப்டிகல் கேபிளின் இரண்டு முனையிலும், கண்ணில் சரியாகப் படாத ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். போன மாதம் அங் மோ கியோவில் ஒரு பெரியவர் வீட்டில் மூடியைக் கழற்றாமலே அழுத்திச் செருக முயன்றிருந்தார்கள். நான் கழற்றி, ஒரு முனையை டிவியில் மாட்டிவிட்டு, மறுமுனையை அவர் உள்ளங்கைக்கு நேரே பிடித்தேன். குங்குமப் பொட்டு வைத்த மாதிரி சிவப்பாக ஒரு புள்ளி. "இதுதாங்க ஐயா சத்தம்" என்றேன். பெரியவர் கையை மூடியும் திறந்தும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நீங்களும் அப்படியே கையில் பிடித்துப் பாருங்கள். கண்ணுக்கு நேரே மட்டும் வேண்டாம். இந்தக் கேபிளில் கரண்டு ஓடாது, வெளிச்சம்தான் ஓடும். சிடி பிளேயரை ஆம்பிளிஃபயரோடு இணைப்பதற்காக 1983இல் தோஷிபா நிறுவனம் கொண்டுவந்த வழி இது. ஒரு வினாடிச் சத்தத்தை டிவி 48,000 தடவை அளந்து எண்ணாக வைத்திருக்கிறது. அந்த எண்களைத்தான் அந்தச் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்து சொல்கிறது. நம் கண்ணுக்கு அது நின்று எரிவது போலத் தெரியும், அவ்வளவு வேகம்.

வெளிச்சம் வருகிறதா? அப்படியென்றால் கோளாறு பெரும்பாலும் செட்டிங்கில்தான் இருக்கும். டிவியின் சவுண்ட் பகுதிக்குள் போய், சத்தம் எங்கே போக வேண்டும் என்ற இடத்தில் 'ஆப்டிகல்' என்று வையுங்கள். அப்புறம் 'டிஜிட்டல் அவுட்' என்று ஒன்று இருக்கும். பெரும்பாலும் 'ஆட்டோ' என்றோ 'டால்பி டிஜிட்டல்' என்றோ நிற்கும். அதை 'பிசிஎம்' என்று மாற்றுங்கள். டால்பி என்பது கட்டிய பொட்டலம். ஐந்து ஸ்பீக்கர், ஒரு பாஸ் ஸ்பீக்கர் என்று ஆறு தடத்தின் சத்தத்தைச் சுருக்கி மடித்துக் கட்டியிருப்பார்கள். அதைப் பிரிக்கத் தெரியாத பெட்டி வாயை மூடிக்கொள்ளும், இல்லாவிட்டால் இரையும். விலை குறைந்த கன்வர்ட்டர்களில் நான் பார்த்தவற்றுக்கெல்லாம் பிசிஎம் மட்டும்தான் தெரியும். அது பிரித்து வைத்த எண்கள், இடது வலது என்று இரண்டே தடம். அப்பாவின் இரண்டு ஸ்பீக்கருக்கு அது தாராளம்.

அப்படியும் வரவில்லையென்றால் பெட்டியின் மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள். எண்ணாக வரும் டிஜிட்டலைப் பழைய ஆம்பிளிஃபயருக்குப் புரியும் அனலாக் ஆக்குகிற பெட்டி ஒன்று, அனலாக்கை டிஜிட்டல் ஆக்குகிற பெட்டி இன்னொன்று. இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே அச்சில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது முதல் வகை. ஆப்டிகல் ஓட்டைக்குப் பக்கத்தில் 'இன்' என்று இருக்க வேண்டும், சிவப்பு வெள்ளைக்குப் பக்கத்தில் 'அவுட்'. மாற்றிக் கொடுத்திருந்தால் கடையில் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

கேபிளுக்குள் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் இழை. டிவியைச் சுவரோடு ஒட்டித் தள்ளும்போது அது மடங்கினால் வெளிச்சம் அங்கேயே நின்றுவிடும். நுனியும் ஒரு பக்கமாக மட்டுமே நுழையும். முரட்டுத்தனமாகத் தள்ளினால் டிவியில் இருக்கிற குட்டிக் கதவு உடையும்.

அப்பாவிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெரும்பாலான டிவிகளில் ஆப்டிகல் வழியாகப் போகும் சத்தம் ஒரே அளவில்தான் போகும். டிவி ரிமோட்டை அழுத்தினால் சத்தம் கூடவும் கூடாது, குறையவும் குறையாது. பழைய ஆம்பிளிஃபயரின் குமிழைத்தான் திருக வேண்டும். அவருக்கு அது பிடித்த வேலையாகத்தான் இருக்கும்.

கேள்வி: புது சவுண்ட் பாரை எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்தேன். சத்தம் இன்னும் டிவியிலிருந்துதான் வருகிறது. டிவியில் மூன்று எச்டிஎம்ஐ ஓட்டைகள். எல்லாம் ஒன்றுதானே?
- வாசகர், தெம்பனிஸ்

பதில்: பார்க்க ஒன்றுதான், வேலை ஒன்றல்ல. எச்டிஎம்ஐ 2002இல் வந்தபோது படமும் சத்தமும் டிவிடி பிளேயர் போன்ற பெட்டியிலிருந்து டிவிக்கு ஒரே திசையில் வருவதற்கு மட்டுமே இருந்தது. டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பத் தனியாக ஆப்டிகல் போன்ற வேறொரு கேபிள் போட வேண்டியிருந்தது. 2009இல்தான் அதே கேபிளில் சத்தத்தைத் திருப்பி அனுப்பும் வழியைச் சேர்த்தார்கள். அதன் பெயர் 'ஏஆர்சி'. பெரும்பாலான டிவிகளில் ஒரே ஓட்டைக்குத்தான் அந்த வசதி. பக்கத்தில் 'ஏஆர்சி' அல்லது அதன் புதிய வடிவமான 'இஏஆர்சி' என்று பொடி எழுத்தில் இருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். சவுண்ட் பாரிலும் அதே எழுத்துள்ள ஓட்டையில் மாட்டுங்கள்.

அதோடு 'சிஇசி' என்பதையும் போட்டு வைக்க வேண்டும். இரண்டு கருவிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவுவது அது. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்து நம்மைத் தேட விடுகிறது: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்பிளிங்க், சோனியில் பிராவியா சிங்க். எல்லாம் ஒன்றுதான். மாற்றிய பிறகும் பேசாவிட்டால் இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கி, இரண்டு நிமிஷம் விட்டு, டிவியை முதலில் போடுங்கள்.

வசனம் முன்னே போய் உதடு பின்னே வந்தால் டிவியின் சவுண்ட் செட்டிங்கில் தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிச் சரிசெய்யலாம். செய்தி வாசிப்பவரின் உதட்டைப் பார்த்துச் செய்வதுதான் சுலபம்.

கேள்வி: 90 வெள்ளி எச்டிஎம்ஐ கேபிள் போட்டால் படம் இன்னும் பளிச்சென்று இருக்கும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: வேண்டாம் அம்மா. உள்ளே ஓடுவது எண்கள். எண்கள் ஒழுங்காக வந்து சேர்ந்தால் 10 வெள்ளிக் கேபிளிலும் அதே படம்தான். சேராவிட்டால் படத்தில் புள்ளி புள்ளியாக மின்னும், அல்லது திரை விட்டு விட்டுக் கறுக்கும். நிறம் மட்டும் மங்குவதெல்லாம் பழைய அனலாக் காலத்துக் கதை. 4கே படத்துக்கு வினாடிக்கு 18 கிகாபிட் தாங்கும் 'பிரீமியம் ஹை ஸ்பீட்' முத்திரை உள்ள, இரண்டு மீட்டருக்கு மேல் போகாத கேபிள் போதும். பையன் புது கேம் பெட்டியை 120 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 120 படம் என்ற வேகத்தில், விளையாடுகிறான் என்றால் மட்டும் 48 கிகாபிட் தாங்கும் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' பாருங்கள். அதற்கும் 90 வெள்ளி ஆகாது.